7018 வெல்டிங் ராடு: பாதித் தரம் ராடில், மீதி ஓவனில்

தடித்த பிளேட், வலிமை கூடிய ஸ்டீல், அதிர்வு தாங்க வேண்டிய ஜாயின்ட். இவற்றில் ஒன்று இருந்தாலே துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் 7018 ராடைத்தான் எடுப்பார்கள். விரிசல் விடாத வெல்டுக்கு லோ ஹைட்ரஜன் ராடு வேண்டும் என்பது அங்கே ஹெல்ப்பருக்கும் தெரியும். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்ப்பதே இந்தச் சோதனையின் நோக்கம்.

எல்லாம் 3.15 மி.மீ. ராடுகள். அட்டைப்பெட்டியில் வரும் சாதாரண 7018-ஐ ஓவனில் சுட்டு ஓட்டினேன். அதே பெட்டி ராடை மழைக்கால ஈரக்காற்றில் திறந்து வைத்து, சுடாமலும் ஓட்டினேன். மூன்றாவது, வேக்குவம் பேக்கில் வரும் எச்4ஆர் வகை. ஒப்பிட 6013. பிளேட் 25 மி.மீ. தடிமனில் ஐஎஸ் 2062 இ350. மெஷின் டிசி இன்வெர்ட்டர், ஹோல்டர் பாசிட்டிவில்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

70 என்பது வெல்ட் மெட்டலின் குறைந்தபட்ச இழுவிசை வலிமை: சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு, அதாவது சுமார் 490 மெகாபாஸ்கல். அடுத்த 1, எல்லா பொசிஷனுக்கும் ஆகும் என்பதற்கு. 8 என்பது இரும்புத் தூள் கலந்த லோ ஹைட்ரஜன் பூச்சு. எச்4 என்று இருந்தால், 100 கிராம் வெல்ட் மெட்டலில் பரவக்கூடிய ஹைட்ரஜன் 4 மி.லி.க்கு மேல் போகாது. ஆர் என்றால், 27 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் 9 மணி நேரம் வைத்தும் பூச்சு தேறியிருக்கிறது.

ஹைட்ரஜனுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? பூச்சில் ஒட்டிய ஈரம் ஆர்க்கின் சூட்டில் பிரிந்து, ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் இறங்குகிறது. வெல்ட் ஆறும்போது அது பக்கத்திலுள்ள, சூடுபட்டு இறுகிய பகுதிக்கு நகர்கிறது. இறுகிய இரும்பும், ஜாயின்ட்டில் தேங்கிய இழுவிசையும், ஹைட்ரஜனும் ஒன்றுசேர்ந்தால் விரிசல். அதுவும் உடனே வராது. 48 மணி நேரம் கழித்தும் வரும். மாலையில் டிபி டெஸ்ட்டில் பாஸான ஜாயின்ட் மறுநாள் பிளந்து நிற்பது இதனால்தான்.

ஓட்டிப் பார்த்தால்

6013 பழகிய கைக்கு 7018 முதலில் முரண்டு பிடிக்கும். ஆர்க் நீளம் ராடின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் தூக்கினாலும் பொரோசிட்டி விழுகிறது. தொடங்கும் இடத்தில் துளை வராமலிருக்க, சுமார் 10 மி.மீ. முன்னால் தட்டி, பின்னுக்கு வந்து, அந்த இடத்தையே மறுபடி உருக்கிக்கொண்டு போக வேண்டும். பாதி எரிந்த ராடின் நுனியில் சிலேக் மூடிக்கொள்வதால், திரும்பப் பற்றவைக்கும் முன் அதை உடைத்துவிட வேண்டும்.

இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் இதன் அருமை புரியும். தட்டையில் 125 ஆம்பியரில் உலோகம் அமைதியாக இறங்குகிறது, ஸ்பேட்டர் குறைவு. செங்குத்தில் 105 ஆம்பியரில் கீழிருந்து மேலே ஏறும்போது ஓரங்கள் நன்றாகப் பிடிக்கின்றன, அண்டர்கட் இல்லை. மேலிருந்து கீழே இழுக்கும் வேலைக்கு இது ஆகாது. அதற்கு 7048 தனியாக உண்டு.

கிளிசரின் சொன்ன உண்மை

ஓட்டும்போது சுட்ட ராடுக்கும் ஈர ராடுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் ஆபத்து. எனவே சின்னத் துண்டுகளில் ஒவ்வொரு பீடு போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, துடைத்து, கிளிசரின் ஊற்றிய கண்ணாடிக் குவளையில் இறக்கினேன். 6013 பீடிலிருந்து குமிழ்கள் நூல் பிடித்தாற்போல மேலேறிக்கொண்டே இருந்தன. சுட்ட 7018-இலும் எச்4ஆரிலும் ஓரத்தில் சில குமிழ்கள் ஒட்டியதோடு சரி. ஈரக்காற்றில் கிடந்த 7018 குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது. இது முறையான அளவீடு ஆகாது. அதற்குப் பாதரசம் அல்லது கேஸ் குரோமட்டோகிராஃபி முறை இருக்கிறது. ஆனால் வெல்டரைக் கூப்பிட்டு நேரில் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

ஓவனை விட்டால் எல்லாம் போச்சு

சுண்ணாம்புக்கல்லும் ஃபுளோர்ஸ்பாரும் சேர்ந்த இந்தப் பூச்சு, பொரித்த அப்பளம்போல் காற்றுப்பட்டால் நமத்துப் போகும். அமெரிக்க டி1.1 விதிப்படி, காற்றுப் புகாத பேக்கில் வராத ராடை 260 முதல் 430 டிகிரிக்குள் குறைந்தது 2 மணி நேரம் சுட வேண்டும். பிறகு 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் சாதாரண 7018-க்கு 4 மணி நேரம்தான் கெடு, எச்4ஆருக்கு 9. நேரம் தாண்டியதை ஒருமுறைதான் மறுபடி சுடலாம். நனைந்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிளேட்டில் ஷார்ட் செய்து ராடைச் சிவக்கவைப்பதும், பெட்டிக்குள் பல்பு போட்டு வைப்பதும் இதற்கு ஈடாகாது. பிளக் பிடுங்கிய போர்ட்டபிள் ஓவன் வெறும் டப்பா.

ஆர் குறியையும் கண்மூடி நம்ப வேண்டாம். அது தேறியது 80 சதவீத ஈரப்பதத்தில். ஐப்பசி மழையில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றின் ஈரம் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

யாருக்கு எது?

கேட், கிரில், மெல்லிய தகடு என்றால் 6013 போதும். பழைய ஏசி டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர்கள் ஓப்பன் சர்க்கியூட் வோல்டேஜ் 70-ஐத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு 7018 வாங்குங்கள். தினமும் தடித்த பிளேட் ஓட்டும் பட்டறைக்கு, சுடும் ஓவன் இருந்தால் அட்டைப்பெட்டி 7018 முழுத் திருப்தி தருகிறது. ஓவன் இல்லாதவர்கள், சைட்டில் ஏறி வேலை செய்பவர்கள், விலை கூடினாலும் சின்ன வேக்குவம் பேக்கில் வரும் எச்4ஆரையே எடுக்கலாம். அன்றைக்குத் தீரும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள்.

கொட்டேஷன் போடும்போது ராடின் விலையோடு ஓவனையும் அதன் கரன்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தச் செலவைச் செய்யத் தயாரில்லாதவர் 7018-க்குக் காசு கொடுத்து, ஹைட்ரஜனைத்தான் வாங்குகிறார்.