கௌபாய்க்கு மலை மாடு தெரியுமா?

டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் தமிழ் பேச வைத்த ஊர் சிவகாசி. 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 20 கிலோமீட்டர்தான். தாண்டினால் மேற்குத் தொடர்ச்சி மலை. ராஜபாளையம் வரை அடிவாரத்தில் மலை மாடு வளர்க்கிறவர்கள் உண்டு. தூரதேசத்து மாட்டுக்காரனை ஹீரோவாக்கிக் கொண்டாடிய நமக்கு, பக்கத்து மலை மாட்டுக்காரர் ஏன் கண்ணில் படவில்லை?

ஒரு காரணம் அந்தக் கதைகளிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவற்றில் மாடு எப்போது வரும்? திருடு போகும்போது, இல்லாவிட்டால் மிரண்டு ஓடும்போது. மற்ற நேரமெல்லாம் பின்னணிப் படம். கன்று ஈனுவது, குளம்பில் புண் வருவது, தண்ணீர் தேடி ஓட்டிப் போவது இதெல்லாம் அபூர்வம். துப்பாக்கி தெரிந்த அளவுக்கு மாட்டு வேலை நமக்குத் தெரியாமல் போனது இப்படித்தான்.

மாட்டுப் பிழைப்பையே மையமாக வைத்த லக்கி லூக் கதை ஒன்று உண்டு. மோரிஸும் கோசினியும் செய்த 1967 ஆல்பம். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘புல்வெளியில் முள்வேலி’. விவசாயி வேலி போடுகிறார், பெரிய பண்ணைக்காரர் அதை எதிர்க்கிறார், லக்கி லூக் விவசாயி பக்கம் நிற்கிறார். நல்ல கதைதான். ஆனால் பயிரும் மாடும் பகை என்ற இடத்திலிருந்துதான் அது கிளம்புகிறது. நம்ம அடிவாரத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது.

இங்கே அறுவடை முடிந்த வயலில் மாட்டுக்கிடை போடச் சொல்லி விவசாயியே கூப்பிடுவார். ராத்திரி முழுக்க மாடு அடைந்து கிடந்தால் சாணமும் கோமியமும் மண்ணுக்கு உரம். அதற்குக் கூலி உண்டு. வயலில் பயிர் ஏறினால் மாடு மலை ஏறும். மலை மாடு பால் அதிகம் தராது. பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் அதற்கு மவுசு இல்லாததற்கு அதுவே காரணம். அதன் சம்பாத்தியம் சாணத்தில்.

இங்கே வேலி வந்தது மலைப் பக்கமிருந்து. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதற்கும் மேய்ச்சல் தடை விதித்து, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கியது. சுருக்கினாலும் இந்த மலை அதற்குள்தான் வருகிறது. மாட்டு நோய் காட்டெருமைக்குத் தொற்றும், மானுக்குப் புல் குறையும் என்ற கவலை நியாயமானது. மேய்ச்சல் உரிமையை ஏற்கும் 2006 வன உரிமைச் சட்டமும் நடப்பில்தான் இருக்கிறது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஒரே பக்கத்தில் தீர்க்க முடியாத கதை இது.

கி.ரா.வின் ‘கிடை’ ஆட்டுக்கிடையின் உலகத்தை உள்ளே இருந்து சொன்னது. மலை மாட்டுக்கு அப்படியொன்று நான் வாசித்ததில்லை. கதையில் இல்லாத ஜனத்தைத் தீர்ப்பிலும் அரசாணையிலும் ‘கால்நடை மேய்ச்சல்’ என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுவது சுலபம்.

கதை முடிந்ததும் லக்கி லூக் பாடிக்கொண்டே அஸ்தமனத்தைப் பார்த்துப் போய்விடுவார். கிடைக்காரருக்கு அந்த நேரத்தில்தான் அடுத்த வேலை: மாட்டை எண்ணி அடைக்கணும்.