சட்டியில் எஞ்சிய மொழி

பாரிஸில் எம்மவரில் பலர் பிரெஞ்சு உணவை முதலில் அறிந்தது றெஸ்ரோறன்ற் குசினியின் பின்புறத்தில், கோப்பை கழுவும் தொட்டியருகில். கழுவியவர்களில் சிலர் பின்னர் சமையற்காரரும் ஆனார்கள். ஆயினும் அங்கு கற்றது வேகமும் கைப்பழக்கமும்தான். இது எந்த மண்ணின் உணவு, ஏன் இப்படி ஆக்கினார்கள் என்று கேட்க அங்கே நேரம் இருந்ததில்லை. அதற்கு வீட்டு அடுப்பும் ஒரு நல்ல நூலும் வேண்டியிருந்தன.

எலிசபெத் டேவிட் என்ற ஆங்கிலேயப் பெண் 1960இல் வெளியிட்ட 'பிரெஞ்ச் புறொவின்ஷியல் குக்கிங்' அத்தகைய நூல். பிரெஞ்சைவிட ஆங்கிலம் இலகுவாக வாசிக்கவரும் எம் தலைமுறைக்கு அது வசதியும்கூட. இளவயதில் பாரிஸில் ஒரு குடும்பத்துடன் தங்கிப் படித்தவர் அவர். போர் துரத்த கிரேக்கத்திலிருந்து எகிப்துக்குத் தப்பி, 1946இல் பங்கீட்டு அட்டை இங்கிலாந்துக்குத் திரும்பினார். (அவரை அகதி என்று சொல்லிவிட முடியாது, கடவுச்சீட்டு நல்ல கடவுச்சீட்டு.) கைக்கு எட்டாத உணவை நினைவிலிருந்து எழுதத் தொடங்கியவர் என்பதால் அவரது எழுத்து எம்மை இலகுவில் தொட்டுவிடுகிறது.

நூலின் பலம் அதன் பொறுமை. புறொவான்ஸ், நோர்மண்டி, அல்சாஸ், லாங்டொக் என்று ஒவ்வொரு நிலமாக நடந்து, சந்தையையும் பருவத்தையும் சொல்லிவிட்டே அடுப்புக்கு வருகிறார். சமைக்காமலே வாசிக்கலாம். ஆனால் சமைத்தால்தான் சில விடயங்கள் புலப்படும்.

கசூலேயை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் போஞ்சி விதையை இரவே ஊறவைத்து, பன்றித்தோலும் உள்ளியும் சேர்த்து அவித்து, கொழுப்பில் பதப்படுத்திய தாரா இறைச்சியுடன் மண்சட்டியில் அடுக்கி, போறணையில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக விடவேண்டும். மேலே படியும் ஏட்டை ஏழு தடவை உடைத்து உள்ளே அமிழ்த்த வேண்டும் என்பது அவ்வூர்ப் பேச்சு. கஸ்தெல்நோதரி, கார்க்கசொன், துலூஸ் ஆகிய மூன்று ஊர்களும் அதைத் தமதென்று இன்றும் வாதாடுகின்றன. நூறாண்டுப் போரில் முற்றுகையிடப்பட்ட கஸ்தெல்நோதரி மக்கள் மிஞ்சியதெல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டதில் பிறந்தது என்பது கதை. இந்த விதையோ கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பின்னரே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டுச் சட்டியில் வெந்தது வேறேதோ அவரையாகத்தான் இருந்திருக்கும். தொன்மை பேசும் எந்தச் சமையலையும், எமதையும் சேர்த்து, இப்படிக் கிளறிப் பார்க்கலாம். மிளகாயும் அதே கடல் வழியாகத்தான் எம்மிடம் வந்தது.

எம்மை அதிகம் நிறுத்தியவை பெயர்கள். கசூலே என்பது அது வேகும் சட்டியின் ஒக்ஸித்தான் மொழிப் பெயரிலிருந்து வந்தது. அயோலி என்பது உள்ளியும் எண்ணெயும் சேர்ந்த புறொவான்ஸ் சொல். பிறெத்தோன் மொழியில் கூயின் என்றால் பணியாரம், அமான் என்றால் வெண்ணெய். பிரெஞ்சு உணவின் பெருமை என்று நாம் ஆக்கியவற்றின் பெயர்கள் பிரெஞ்சில் பிறக்கவில்லை.

1794இல் அபே கிறெகுவார், இந்த வட்டார மொழிகளை ஒழிக்கவேண்டும் என்று புரட்சி அரசின் மன்றத்தில் அறிக்கை வைத்தார். பின்னர் பள்ளிகளில் பிறெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்சப்பாத்தைத் தொங்கவிட்டார்கள். அதே மொழி பேசி அடுத்துப் பிடிபடும் பிள்ளையிடம் அது கைமாறும். 1951இல்தான் சட்டம் சில வட்டார மொழிகளைப் பள்ளிக்குள் விருப்பப் பாடமாக அனுமதித்தது. 1992இல் குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். 2008இல் வட்டார மொழிகளும் பிரான்சின் மரபுச் செல்வம் என்று ஒரு வரி சேர்ந்தது. 1956இன் சட்டத்தை அறிந்த எமக்கு இந்த ஆண்டுகளை வாசிக்க அகராதி தேவையில்லை.

இவற்றையெல்லாம் டேவிட்டிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. சந்தைக்கும் மேசைக்கும் வந்த விருந்தாளி அவர். அந்த எல்லைக்குள் நேர்மையாகவே எழுதினார். ஆனால் பாட்டியின் சமையல் என்று பளபளக்கும் படங்களோடு பிரெஞ்சிலேயே வரும் நூல்கள் அந்தப் பாட்டி எந்த மொழியில் உப்புப் பார்க்கச் சொன்னாள் என்பதை விட்டுவிடும்போது, அதை மன்னிக்க எமக்கு மனம் வருவதில்லை.

எம் வீடுகளில் பிள்ளைகள் புட்டு, சொதி, சம்பல் என்று தமிழில்தான் கேட்கிறார்கள். வாக்கியத்தின் மிச்சம் பிரெஞ்சில் வருகிறது.