உருப்படியும் பர்திமேயுவும்: 'ஏழாம் உலகம்' பற்றி ஓர் இறையியல் திறனாய்வு

ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' 2003ஆம் ஆண்டில் வெளிவந்த புதினம். உடலூனமுற்றோரைப் பிச்சைக்கு அமர்த்தி வருவாய் ஈட்டும் ஒரு வணிகத்தை அது உள்ளிருந்து காட்டுகிறது. கதை நிகழும் களங்களுள் பழநியும் ஒன்று. தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளினின்று பழநிக்கு நடந்து செல்வோர் உடுமலைப்பேட்டையைக் கடந்தே செல்கின்றனர். எனவே உடுமலையிலும் மடத்துக்குளத்திலும் பணியாற்றும் ஆயர்களுக்கு இப்புதினம் கூறுவது தொலைவிலுள்ளோரின் கதையன்று. இதில் சில பகுதிகள் அருவருப்பூட்டுவன. அதற்காக இதனை ஒதுக்கிவிடுதல் இறையியல் மாணாக்கருக்கு அழகன்று.

புதினத்தின் வலிமை ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. பண்டாரம் தன் வசமுள்ள மனிதரை 'உருப்படி' என்றே குறிப்பிடுகிறான். உருப்படிகள் வாங்கப்படுகின்றன, விற்கப்படுகின்றன. முத்தம்மையின் வயிற்றில் பிறக்கும் குழந்தைகளும் சரக்காகின்றன. ஆனால் பண்டாரம் கொடியவனாகத் தீட்டப்படவில்லை. அவன் பக்திமான், பெண்மக்கள் மீது உயிரையே வைத்திருக்கும் தந்தை, அவர்களது திருமணச் செலவை எண்ணி உறக்கமிழப்பவன். தன் தொழிலுக்கும் தன் பக்திக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவனுக்குத் தோன்றுவதேயில்லை. பாவத்தைத் தனிமனிதனின் தீய எண்ணமாக மட்டுமே விளக்கிப் பழகிவிட்ட நமது அருளுரைகள் இப்பாத்திரத்தின் முன் வாயடைத்து நிற்கும் என்றே கருதுகிறேன். மறுபுறம், உருப்படிகள் எனப்படுவோர் தங்களுக்குள் கேலி பேசுகின்றனர், அன்பு செய்கின்றனர், சண்டையிடுகின்றனர். அவர்களைப் பரிதாபத்திற்குரிய பொருள்களாக ஆசிரியர் ஓரிடத்திலும் விட்டுவிடவில்லை.

இவ்வணிகத்தை நடத்துபவன் பண்டாரம். அதற்கு முதலீடு தருபவர் யார்? பக்தரின் நாணயமே. தட்டில் விழும் காசு இடுபவனுக்குப் புண்ணியத்தை வாங்கித் தருகிறது. பெறுபவனின் முகத்தை அவன் பார்க்கத் தேவையில்லை. பிச்சை குறித்துப் பொதுமக்கள் கொண்டுள்ள மனப்பான்மைகளுள் இது ஒன்று. மற்றொன்று கொங்கு நாட்டில் நன்கு வேரூன்றியது. வறண்ட நிலத்தில் கிணறு வெட்டியும், ஆலைகளிலும் தறிகளிலும் உழைத்தும் முன்னேறிய மக்கள், "கையும் காலும் நன்றாயிருக்கிறதே, உழைத்துச் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்பது இயல்பே. நமது சபைகள் இக்கேள்விக்குத் திருமறை ஆதாரமும் தேடிக்கொள்கின்றன. 2 தெசலோனிக்கேயர் 3:10 உடனே எடுத்துக் காட்டப்படுகிறது. ஆனால் அப்பகுதி வேலை செய்ய மனமில்லாத சபையாரைக் கண்டிக்கிறது. வேலை கிடைக்காதவரையும் செய்ய இயலாதவரையும் அது சுட்டவில்லை. தெருவில் கையேந்தும் அந்நியரை விரட்டும் தடியாக அதனைப் பயன்படுத்துவது பொருந்தா விளக்கம்.

சட்டமும் இத்தடியைக் கையிலெடுத்தது. சென்னை மாகாணத்தின் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் 1945இல் இயற்றப்பட்டது. இரப்பதையே அது குற்றமாக்கியது. 1971இல் தமிழக அரசு பிச்சைக்காரர் மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கித் தொழுநோயாளிகளுக்கு இல்லங்கள் அமைத்தபோது வேறொரு பார்வை தலைகாட்டியது. அதற்கும் முன்னரே, உடுமலை மண்ணின் கவிஞர் நாராயணகவி 'பராசக்தி' (1952) படத்திற்கு எழுதிய 'கா கா கா' பாடல், கிடைத்ததைக் கூடியுண்ணும் காக்கையைக் காட்டி மனிதனை நாணச் செய்தது. அப்படத்தில் பர்மாவினின்று திரும்பிக் காலிழந்த ஒருவன் பிச்சைக்காரரைச் சங்கமாகத் திரட்டுகிறான். இரப்பவன் உரிமை கோரிப் பேசுபவனாகத் தமிழ்த் திரையில் தோன்றியது, இறையியலார் இன்னும் போதிய அளவு கவனியாத செய்தி.

'ஏழாம் உலக'த்தைத் தழுவிப் பாலா இயக்கி 2009இல் வெளிவந்த 'நான் கடவுள்' வேறு திசையில் செல்கிறது. புதினத்தில் வெளியினின்று வரும் மீட்பர் எவருமில்லை. படத்திலோ காசியினின்று ருத்ரன் வருகிறான், கொடியவனை அழிக்கிறான், சிதைக்கப்பட்ட கண்பார்வையற்ற பிச்சைக்காரி அம்சவல்லி இறைஞ்சும்போது அவளைக் கொன்று 'விடுதலை' அளிக்கிறான். கலையாற்றல் மிக்க காட்சி அது. ஆயினும் அதன் இறையியலை ஏற்க இயலாது. பிச்சைக்காரிக்கு இவ்வுலகில் இடமில்லை என்ற பொதுமக்களின் தீர்ப்பையே கடவுளும் உறுதி செய்கிறார்.

இதனருகே மாற்கு 10:46-52ஐ வைத்துப் படித்தல் பயனுடையது. அங்கும் கண்பார்வையற்ற ஒருவர் வழியருகே இரந்துகொண்டிருக்கிறார். எரிகோவினின்று எருசலேமுக்குச் செல்லும் அவ்வழியும் பஸ்காவுக்குச் செல்லும் பயணிகளின் வழியே. பழநிச் சாலையை ஒத்தது. கூவியழைத்தவரை அதட்டி அடக்க முயன்றோர் பகைவரல்லர், இயேசுவோடு நடந்த கூட்டத்தினரே. இயேசு காசு எறியவுமில்லை, அவர் உழைக்கத் தகுந்தவரா என ஆராயவுமில்லை. நின்று, அழைப்பித்து, என்ன வேண்டுமென்று அவரிடமே கேட்கிறார். அக்கேள்வியை அம்சவல்லியிடம் எவரும் உரிய காலத்தில் கேட்கவில்லை.

புதினத்தின் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். இது புதினத்தைக் காட்டிலும் அதனை வாசித்தோரையும் படத்தைப் பார்த்தோரையும் சாரும். "பிச்சைக்காரர் எல்லாரும் கும்பலின் ஆட்கள்" என்று கூறிக் கையை மூடிக்கொள்ள நடுத்தர வகுப்பினருக்கு ஒரு வசதியான காரணம் கிடைத்துவிட்டது. ஆசிரியர் குறிப்பிட்ட ஒரு வணிகத்தைக் காட்டினார். வாசகரோ அதனைப் பொது விதியாக்கினர். கைவிடப்பட்ட முதியோரும் மனநோயுற்றோரும் இவ்விதிக்குள் அடங்கார். 2018 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம், அங்கு நடைமுறையிலிருந்த பம்பாய்ச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. 2021 சூலையில், தெருக்களில் இரப்போரைத் தடுக்குமாறு கோரிய மனுவில் மேட்டுக்குடிப் பார்வையை ஏற்க உச்சநீதிமன்றம் மறுத்தது. கல்வியும் வேலையும் இன்மையே மக்களை இந்நிலைக்குத் தள்ளுகிறது என்றது. ஆயினும் இந்தூர் மாவட்ட நிர்வாகமோ 2025 சனவரி முதல் பிச்சையிடுவோர் மீதும் வழக்குத் தொடரப்படும் என்று அறிவித்தது. அருளுரைக்கு முன்னர் இவற்றை ஆயர் அறிந்திருத்தல் நன்று.

திருமறைப் பகுதியில் இன்னொன்றும் நோக்கற்பாலது. இந்நிகழ்ச்சியை மத்தேயு இரண்டு குருடரின் கதையாகச் சொல்கிறார். லூக்கா பெயரின்றி ஒருவர் என்கிறார். மாற்கு மட்டுமே பெயரையும் தந்தையின் பெயரையும் தருகிறார். அவர் மேலாடையை எறிந்துவிட்டு எழுந்து வந்ததும் மாற்கில் மட்டுமே உள்ளது. இரப்போர் காசு விழுவதற்கென முன்னே விரித்து வைக்கும் துணியே அது எனக் கொள்ளலாம்.