கொடையின் பயனை அளக்கலாமா?

தொண்டு நிறுவனத்திற்குக் கொடுத்த பணம் தக்க பயனளித்ததா என்னும் வினாவை நம்மில் பலர் கேட்கக் கூசுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் வில்லியம் மெக்காஸ்கில் 2015இல் வெளியிட்ட ‘டூயிங் குட் பெட்டர்’ என்னும் நூல் அக்கூச்சத்தைப் போக்க முற்படுகின்றது.

நூலின் தொடக்கமே நமக்குப் பாடம். பிள்ளைகள் ஏறிச் சுழலும் ராட்டினத்தால் நீரிறைக்கும் பம்பு ஒன்று தென்னாப்பிரிக்காவில் புகழ்பெற்றது. அதனை ஆப்பிரிக்காவில் பரப்ப, 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 இலட்சம் டாலர் கொடை அறிவிக்கப்பெற்றது. ஆனால், சாதாரணக் கைப்பம்பைவிட அதன் விலை பன்மடங்கு. விளையாட்டு ஓய்ந்தபின் பல ஊர்களில் பெண்களே அதைக் கையால் தள்ளிச் சுழற்ற நேர்ந்தது.

நிர்வாகச் செலவின் விழுக்காட்டைக் கொண்டு நிறுவனங்களைத் தரம்பிரிப்பது பிழை என்று ஆசிரியர் கூறுவதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அயல்நாட்டுக் கொடையில் நிர்வாகத்திற்குச் செலவிடத்தக்க உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. கணக்கரும் மேற்பார்வையாளரும் இல்லாத மருந்தகம் சிக்கனமாகத் தோன்றலாம். மருந்து நோயாளியைச் சேர்ந்ததா என்று சொல்ல அங்கு எவரும் இரார்.

எனினும், மாற்றாக ஆசிரியர் கைக்கொள்ளும் அளவுகோலில் நமக்குத் தடையுண்டு. அதன்படி பூரண சுகத்தோடு வாழும் ஓராண்டின் மதிப்பு 1. நோயுற்று வாழும் ஓராண்டின் மதிப்பு அதனிற் குறைந்த ஒரு பின்னம். தொழுநோயை எடுத்துக்கொள்வோம். பன்மருந்துச் சிகிச்சை அதன் கிருமியை 6 அல்லது 12 மாதங்களில் ஒழிக்கின்றது. இச்செலவின் பயனை அளப்பது எளிது. உணர்விழந்த பாதமோ உயிருள்ளவரை புண்படும். அப்புண்ணைக் கழுவிக் கட்டும் இல்லம் ஆண்டுதோறும் அதே முதியவருக்கே செலவிடுகின்றது. அத்தொகையைக் கொசுவலைகளுக்கு அனுப்பினால் மிகுதியான ஆண்டுகள் கிட்டும் என்று கணக்குச் சொல்லும். கூட்டலில் பிழையில்லை. ஆயின், முதியவரைக் கைவிடச் சொல்லும் அதிகாரத்தைக் கூட்டலுக்கு யார் தந்தார்?

பெத்தானியாவில் ஊற்றப்பட்ட தைலத்தை 300 பணத்திற்கு மேல் மதிப்பிட்டு, வீண்செலவு என்று முறுமுறுத்தவர்களை நாம் அறிவோம். அப்பகுதியைக் கணக்குக் காட்டாமல் தப்பும் வழியாகப் பிரசங்கிப்பது தகாது. பணப்பையை வைத்திருந்தவன் திருடன் என்று யோவான் எழுதுவதும் அதே நிகழ்ச்சியிலேதான். கணக்கு ஒப்புவிப்பது உக்கிராணத்துவத்தின் பகுதியே.

ஒரே பணியை இருவழிகளில் செய்யக்கூடுமாயின், எவ்வழி மலிவும் பயனும் உடையது என்பதை எண்களால் தீர்ப்போம். அதற்கு இந்நூல் நல்ல துணை. யாருக்குத் தொண்டு செய்வது என்பதை எண்களிடம் மட்டும் ஒப்படைக்கலாகாது. திருமண்டலக் குழுக்களில் வரவுசெலவுக் கணக்கை வாசியாமலே கைதூக்கி ஏற்கும் குருமார் இந்நூலை வாசிப்பார்களாக. வாசித்தபின் தொழுநோயர் இல்லம் ஒன்றுக்கும் சென்றுவருவார்களாக.