எக்கர்: ஒரு நெய்தற் சொல்

எக்கர் என்பது கடலலையும் காற்றும் குவித்த மணலைக் குறிக்கும் சங்ககாலச் சொல். இன்றைய பேச்சில் வழக்கொழிந்தது. ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியைப் பாடிய அம்மூவனார், ஞாழற்பத்தின் (141–150) பத்துப் பாடல்களையும் எக்கரில் நிற்கும் ஞாழல் மரத்தைச் சொல்லியே தொடங்குகிறார்.

இச்சொல்லுக்கு 'மணல்மேடு' என்று பொருள் எழுதிக் கடந்துவிடுவது வழக்கம். அது பிழையன்று, ஆனால் போதாது. மேடு என்பது வடிவத்தை மட்டுமே சொல்லும். எக்கரை எக்குதல் என்னும் வினையோடு தொடர்புபடுத்தலாம். வயிற்றை எக்குதல், எக்கி எடுத்தல் என அவ்வினை இன்றும் வாழ்கிறது. எனவே மணல் மேலெழுந்த செயலும் சொல்லுக்குள் இருக்கிறது. 'இடுமணல்' என்னும் விளக்கமே இதற்கு நெருக்கமானது. இடுவது அலை, எடுத்துக்கொள்வதும் அலையே. இரங்கலை உரிப்பொருளாகக் கொண்ட நெய்தலில், நிலையாத மணலில் வேரூன்றிய மரம் தலைவியின் நிலையையும் உணர்த்துவதாகக் கொள்ளலாம். 'மேடு' என்ற உரையில் இக்குறிப்பு மறைந்துபோகிறது.

சம்பந்தர் தேவாரத்தில் சமணரைச் சுட்டும் 'எக்கர்' (இறுமாப்புடையோர்) வேறு சொல். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கும் நெம்மேலியில், கடலரிப்பு மீனவர்களின் கவலையாக உள்ளது. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணற்குன்றுகளைக் காக்கவேண்டியவற்றுள் சேர்த்தது. மேடு என்றால் சமன்செய்யத் தோன்றும். எக்கர் என்றால் அது கடல் இட்ட மணல், கரைக்குக் காப்பு என்பது விளங்கும். சூழலியல் எழுத்தில் இச்சொல்லை மீட்டெடுப்பது பொருத்தமானது.