ஆண்டே என்றழைத்த நாவும் ஆண்டவரே என்றழைக்கும் நாவும்

காவிரிப் பாசனப் பகுதிச் சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று நெல்லைக் காணிக்கையாகப் படைக்கிறோம். அந்நெல்லை நட்டவர் யார், அவருக்குக் காணி உண்டோ என்று ஆராதனையில் நாம் வினவுவது அரிது. அவ்வினாவை நம் காலத்தில் உரத்து எழுப்பியவர், அரக்கோணத்தைச் சேர்ந்த மேடைக் கலைஞர் அறிவு. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனின் இசையில் தீயுடன் அவர் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ இவ்வாய்வுக்கு உரியது.

பாடலின் ஊற்று, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய அவருடைய பாட்டியின் வாழ்வு. தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற மக்களின் வரலாறு அது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்வோமென விட்டது. மாந்தர் நெல்மூட்டைகள்போல் பங்கிடப்பட்டனர். தோட்டம் செழித்தது; வளர்த்தவருக்கு அதில் பங்கில்லை. இதுவே பாடலின் கரு.

ஒப்பாரியைத் துள்ளலிசையில் அமைத்தது துயரத்தை மலிவாக்குவதன்றோ என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் சிற்றூர்ச் சாவு வீடுகளில் பறையும் ஆட்டமும் ஒப்பாரியும் ஒருங்கே நிற்கின்றன. ஆயினும் ஒரு குறை உண்டு. காட்டையும் மூதாதையரையும் விரிவாகப் போற்றும் பாடல், கங்காணியையும் ஒப்பந்தத்தையும் பெயர் சுட்டிக் குற்றஞ்சாட்டுவதில்லை. ஆகவே கேட்போர் மனச்சாட்சி உறுத்தாமலே ஆடிவிட முடிகிறது. 2022இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாடல் ஒலித்தபோது அறிவு மேடையில் இல்லை. படைப்பின் உழைப்பு யாருடையது என்ற வாதம் அப்போது எழுந்தது. பாடலின் பொருளே பாடலுக்கும் நேர்ந்தது எனலாம்.

அதன் வலிமையோ ‘எஞ்சாமி’ என்னும் ஒரு சொல்லில் உள்ளது. திருவாரூர்ச் சீமையில் பண்ணையாட்கள் நிலவுடைமையாளரை ‘ஆண்டே’, ‘சாமி’ என்றே விளித்தனர். சாணிப்பாலும் சவுக்கடியும் அவ்விளியைக் காத்தன. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் அதை எதிர்த்து அவர்களைத் திரட்டினர். 1968 டிசம்பர் 25 இரவில், நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே நாளில், கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். இப்பாடலிலோ பாட்டி அச்சொல்லை ஆண்டையிடமிருந்து மீட்டுத் தன் பேரப்பிள்ளைக்குச் சூட்டுகிறாள். அச்சத்தின் சொல் அன்பின் சொல்லாகிறது. இது இறையியல் செயலன்றி வேறென்ன? ‘ஆண்டவர்’ என்னும் நம் சொல்லும் ‘ஆண்டே’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஏழைக் குழந்தையில் வந்த கர்த்தரை அறிவிக்கும் நாம், பண்ணை எஜமானின் சாயலில் அவரைக் காட்டியதுண்டா என்று ஆராய்வது தகும்.

உபாகமம் 26ஆம் அதிகாரம் முதற்பலனைப் படைப்பவனிடம், தன் முன்னோர் அலைந்து திரிந்தோரும் அடிமைகளுமாயிருந்ததைப் பலிபீடத்தின் முன் அறிக்கையிடச் சொல்கிறது. அறிவின் பாட்டு அத்தகைய அறிக்கையே. ஆனால் படைக்கக் கூடையில்லாதவரின் அறிக்கை.

இன்று டெல்டா வயல்களில் மேற்கு வங்கத் தொழிலாளர் நாற்று நடுகின்றனர். நம் இளைஞரோ திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் செல்கின்றனர். அடுத்த அறுப்பின் பண்டிகையில் பிரசங்க பீடமேறும் போதகர், நெல்லை ஆசீர்வதிக்குமுன் நட்ட கைகளை நினைவுகூர்வாராக. அவர்கள் அண்டை வயலில் நின்றால், உள்ளே அழைப்பாராக.