மலையும் திரைச்சீலையும்

பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் ஒரு சினிமாப் படம்.

1969-ல் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஸ்ரீதர் ஐரோப்பாவுக்குப் போய்க் காட்சிகள் எடுத்து வந்த ‘சிவந்த மண்’ ஒன்று. மைக்கேல் ரிச்சி இயக்கிய ‘டவுன்ஹில் ரேசர்’ மற்றொன்று. அன்று முதல் நம் படங்களில் வெளிநாட்டு மலை என்பது டூயட்டுக்குப் பின்னால் தொங்கும் சீலை. அதில் யாரும் வழுக்கி விழுவதில்லை, யாருக்கும் குளிருவதுமில்லை.

‘டவுன்ஹில் ரேசர்’ திரைக்கதையை எழுதியவர் ஜேம்ஸ் ஸால்ட்டர் என்ற நாவலாசிரியர். ஸ்விட்ஸர்லாந்தில் வெங்கன் என்ற ஊரிலும் அதன் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஊருக்கு மேலே லாபர்ஹார்ன் சிகரம். அங்கே 1930 முதல் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டரை இரண்டரை நிமிஷத்தில் இறங்கிவிடுகிறார்கள். 2013-ல் ஒரு வீரர் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார்.

கதாநாயகன் ராபர்ட் ரெட்ஃபோர்ட். நல்லவனல்ல, சுயநலக்காரன். ஆசிரியர் அவனுக்காக வக்காலத்து வாங்கவில்லை. முடிவில் அவன் ஜெயித்துவிட்டதாகக் கூட்டம் கொண்டாடுகிறது. மேலே இன்னொருவன் இறங்கிக்கொண்டிருக்கிறான். பாதி வழியில் அவனுடைய நேரம் இவனுடையதைவிடக் குறைவு. கூட்டம் அந்தப் பக்கம் திரும்புகிறது. அவன் விழுந்துவிடுகிறான். கூட்டம் மறுபடி இவனிடமே வருகிறது. புகழ் என்பது எத்தனை மெல்லிய கயிறு என்று இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது.

குறைகளும் உண்டு. காதல் பகுதி கதையோடு ஒட்டவில்லை. பனியை மிதித்துப் பாதையைக் கெட்டிப்படுத்துகிறவனுக்கும், பூட்ஸ் தைத்தவனுக்கும் அதில் கதை இல்லை. 1960-களில் பிளாஸ்டிக் வரும்வரை அந்த வீரர்களின் காலில் இருந்தது தோல் பூட்ஸ்தான். ஆம்பூர்க்காரன் கண்ணில் அதுதானே முதலில் படும்!

ஆனால், இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? என் முதல் நாவலில் தோல் ஷாப்பு வருகிறது, வெறும் நாற்றமாக. பேர்ணாம்பட்டுத் தொழிலாளி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “ஸார், எல்லாம் நல்லாத்தான் இருக்குது. சுண்ணாம்புத் தொட்டியிலே நிக்கிறவன் காலு என்ன ஆவும்னு எழுதலியே?” என்று கேட்டார். என் காதலர்களுக்குப் பின்னால் நானும் சீலைதான் தொங்கவிட்டிருந்தேன்.

பதிப்பாளர் அந்த நாவலுக்கு மறுபதிப்புக் கேட்கிறார். இன்னும் சரியென்று சொல்லவில்லை.